உமிக்குள் வந்த ஐஸ்

சிறுதொழில் விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அதை டைப் அடித்துக் காரைக்கால் தொழில் துறை அலுவலகச் சுவரில் ஒட்டியவனே நான்தான். பூவம் கிராமத்து இளைஞர் ஒருவர் ஐஸ் ஃபேக்டரிக்கு அனுமதி கேட்டு எட்டு மாதமாகத் திங்கட்கிழமைதோறும் வந்தார். ஒட்டடைக்குச்சி போன்ற உடம்பு. நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். பேங்க் வேலையை விட்டவர். ஒரு வருடத்துக்குள் தொழில் தொடங்காவிட்டால் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவர் கேள்வியை மாற்றினார்.

“அனுமதி இல்லாம என்ன செய்யலாம்? அதச் சொல்லுங்க சார்.”

“தயாரிக்கத்தான் அனுமதி வேணும். வாங்கி விக்க வேணாம்.”

“இத ஏன் சார் இவ்ளோ நாளா சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

“நல்லா வேல பாக்குறீங்க சார்!” என்று சிரித்துக்கொண்டே ஓடினார்.

மறுவாரமே நாகப்பட்டினத்து ஐஸ் கட்டிகள், அவர் வீட்டு நெல் உமியில் புதைந்து, கருக்களாச்சேரி மீன்பிடிப் படகுகளுக்கு வந்தன. முதல் லோடில் பாதி வழியிலேயே உருகிவிட்டது. அடுத்த லோடுக்கு உமியை இரண்டு பங்காக்கினார்.

விதியெல்லாம் தெரிந்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்பது இன்றும் புரியவில்லை.

“இப்பகுதியில் ஐஸுக்குத் தேவை உள்ளதா என விளக்கவும்” என்று அவர் விண்ணப்பத்துக்கு மேலிடத்துப் பதில் வந்தது, அவர் தம் இரண்டாவது லாரியைக் கழுவிக்கொண்டிருந்த ஆயுத பூஜைக்கு முதல் நாள்.