பின்னறைக்கு ஒரு லைன்

எங்கள் வீடு சிம்பாங் அம்பாட்டுக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. வரிசை வீடு. பின்பக்கம் இழுத்துக் கட்டியதில் சமையலறையும் அதற்கு அப்பால் ஒரு சிறிய அறையும் கிடைத்தன. அரிசி மூட்டையும் பழைய மெத்தையும் போட்டுவைத்திருந்த அந்த அறை, அத்தான் தவறிய பிறகு அக்காவின் அறை ஆனது. அவள் தங்கா பத்துவில் தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் மனைவியும் போய் அழைத்து வந்தோம்.

பின்னறையில் லைன் இல்லை என்பது அக்கா வந்த பிறகுதான் ஒரு குறையாகத் தெரிந்தது. இன்டர்நெட் பெட்டி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சமையலறை வரைக்கும் ஏதோ ஒரு கோடு வரும். பின்னறையில் அதுவும் இல்லை. போனில் இருக்கும் சொந்த லைனும் எங்கள் பக்கத்தில் நம்ப முடியாது. மேட்டுக்குப் பின்னால் தாழ்வான இடம் என்பதால் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும்.

அக்காவுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவளுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எங்களுக்கும் அன்றுதான் ஓய்வு, அதனால் அவள் கூப்பிடும்போது வீட்டில் எல்லோரும் இருப்போம். எங்கள் வீட்டில் வீடியோ கால் என்றால் அது எல்லோருக்கும் வந்த கால். போன் கை மாறிக்கொண்டே இருக்கும். என் மனைவி அடுப்பில் இருக்கும் சம்பாலைக் கரண்டியோடு தூக்கிக் காட்டுவாள். என் மகள் தன் பூனையைக் காட்டுவாள். நான் தூரத்தில் நின்று கையை மட்டும் ஆட்டுவேன். எனக்கு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தாலே கூச்சம்.

போன் எடுத்தவுடன் அந்தப் பெண் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்.

"அம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்கோம்மா! பேசு, பேசு!" என்று என் மனைவி சந்தோஷமாகக் குரல் கொடுப்பாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டு பேசுவாள். அந்தக் கேள்வியை நான் வெகு நாள் வரை சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மாலை கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா போனோடு வெளியே வந்து செருப்பு அடுக்குப் பக்கத்தில் நின்றாள். ஹால் ஜன்னல் வழியாக அந்த இடம் வரைக்கும் லைன் வரும். போனில் அவள் மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இல்லம்மா, சொல்லு," என்றாள் அக்கா. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அதே நேரம் பார்த்து, பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து பைகளோடு திரும்பிய பக்கத்து வீட்டு அம்மா கேட்டருகில் வந்து நின்றார்.

"யாரு, மகளா? எங்க காட்டுங்க, பாப்போம்! ஐயோ, என்னம்மா இப்படி எளச்சுட்ட?"

"நல்லா இருக்கேன் ஆண்ட்டி," என்றது போன். சிரிப்புச் சத்தம்கூட வந்தது. சீக்கிரமே கால் முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா போன பிறகு அக்கா இருண்ட போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"என்னமோ சொல்ல வர்றா தம்பி. வாரா வாரம் தொண்ட வரைக்கும் வருது, அப்படியே முழுங்கிக்கிறா," என்றாள்.

குழாயை மூடினேன். இவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது, ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் லைன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மஸ்ஜித் தானாவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு லாரி ஓட்டுகிறேன். அங்கே போன் சாமான் விற்கும் பாய் கடை ஒன்று உண்டு. வீட்டுக்கு இன்னொரு ரவுட்டர் வேண்டும் என்று பாயிடம் கேட்டேன். "எப்படி மாட்டுறதுன்னு தெரியுமாண்ணே?" என்றார். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒயர் இழுப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஹாலிலிருந்து கூரை ஓரமாக கிளிப் அடித்துக்கொண்டே போய், சமையலறை ஜன்னல் மேலிருந்த பழைய துளை வழியாகப் பின்னறைக்கு இறக்கினேன். வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் என் மனைவி சும்மா விடமாட்டாள். ரவுட்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமமும் வைத்துக் கொடுத்தாள். பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் ஒயரைச் செருகினேன். விளக்குகள் எரிந்தன.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா! என்னப்பா செஞ்சீங்க? லைன் மாத்தி! செத்துப்போச்சு!"

வீடு முழுக்க லைன் செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் வருகிறது, செருகினால் போகிறது.

"பொட்டு வெச்சதுனாலயா?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ரவுட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பாயிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தப் பொட்டுக்காரரு மேல தப்பு இல்லண்ணே. வீட்டுக்குள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் குடுக்கறது பழைய பெட்டியோட வேல. இதுவும் போய் நம்பர் குடுக்குது. ரெண்டுக்கும் அட்ரஸும் ஒண்ணு. ஒரு கடையில ரெண்டு தௌக்கே, ரெண்டு மொதலாளி உக்காந்தா யாவாரம் நடக்குமா லா?"

எனக்கு ரப்பர் எஸ்டேட் பெரட்டு நினைவுக்கு வந்தது. காலையில் ஆள்களை நிற்க வைத்து, யாருக்கு எந்த நிரை என்று கங்காணி பிரித்துக்கொடுப்பார். இரண்டு பேர் பிரித்துக்கொடுத்தால் ஒரே மரத்தில் இரண்டு ஆள் பால் வெட்டப் போய் நிற்பார்கள். பாயிடம் அதைச் சொன்னேன். "அதேதாண்ணே!" என்று மேசையைத் தட்டினார்.

அவர் ரவுட்டரின் பக்கத்தைத் தன் போனில் திறந்து, எழுத்தை மலாய்க்கு மாற்றித் தந்தார். மலாய் எனக்கு ஓரளவு வாசிக்க வரும். அவர் சொல்லச் சொல்ல, புதிய பெட்டியின் அட்ரஸை மாற்றி, நம்பர் கொடுக்கும் வேலையை நானே அணைத்தேன். லைனுக்குப் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கும் இடத்தையும் காட்டினார். வீட்டில் இருக்கும் பழைய பெயரையே வைத்தால் போன்கள் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். அதையே வைத்தேன்.

அன்று மாலை ரவுட்டரைப் பின்னறை அலமாரி மேல் வைத்தேன். அக்காவின் போனில் எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, எழுந்து, ஜன்னலோரம் போய், கதவு மூலைக்குப் போய், ஒவ்வொரு இடத்திலும் போனைப் பார்த்தாள்.

நான் செய்த தப்பு அந்த வாரமே தெரிந்தது. வீட்டிலேயே நல்ல லைன் இப்போது பின்னறையில்தான். என் மகள் புத்தகங்களோடு அக்கா கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "இங்க வீடியோ சும்மா பறக்குது அத்தை!" என்றாள். பூனை அவள் பின்னாலேயே போனது. மாலையில் என் மனைவி டேப்லட்டை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி," என்று போய்ச் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கால் வந்தபோது ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன். பின்னறையில் எல்லோரும் ஒரே கட்டிலில்.

"அம்மா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்கோம்மா!"

ஹாலிலாவது அக்கா எழுந்து கேட்டுப் பக்கம் போக வழி இருந்தது. என்னால் அதுவும் போயிற்று.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும், மகள் டியூஷனிலும் மனைவி கடையிலும் இருந்த நேரத்தில், ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். பழைய பெயரை அழித்துவிட்டு 'பின்னறை' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். பாஸ்வேர்ட் இடம் வந்ததும் போனை அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்களே ஒண்ணு போடுங்கக்கா. என்கிட்டயும் சொல்லாதீங்க."

"மறந்துட்டா என்னடா செய்றது?"

"பட்டன அமுக்கி முதல்லேர்ந்து செஞ்சிக்கலாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவது கேட்டது.

அன்று மாலையே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். டேப்லட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பின்னறைன்னு ஒண்ணு வருது, பாஸ்வேர்ட் கேக்குது. என்ன அது?"

"அக்காவுக்கு வெச்சது."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எனக்கே தெரியாது."

"சொந்த வீட்டுல எனக்குப் பாஸ்வேர்ட் இல்ல. நல்லா இருக்குங்க! அண்ணி என்ன நெனச்சிட்டாங்க? நான் என்ன வேவு பாக்கவா அங்க போறேன்? அந்தப் புள்ள முகத்த பாத்தா ஆசையா இருக்கு, பேசறேன்."

அது உண்மை. அக்கா மகளுக்குப் பொடி இடித்து அனுப்பியதெல்லாம் இவள்தான். எனக்கு நீளமாகப் பேச வராது. கேட்டருகில் கேட்டதை மட்டும் சொன்னேன். அந்தச் சிரிப்பு, அதற்கு முன்னால் இருந்த மூக்கு உறிஞ்சல், அக்கா சொன்ன வார்த்தை. மனைவி டேப்லட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டாளேங்க அந்தப் புள்ள," என்றாள். "நான்ல பதில் சொன்னேன்."

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மனைவி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உள்ள போய் பேசுங்க அண்ணி. புள்ளைய நான் கேட்டேன்னு சொல்லுங்க, போதும்."

என் மகள் பூனையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். "நீ எங்க போற? இங்க வந்து தேங்காய திருவு," என்று மனைவி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் ஹாய் மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்மா!"

"திருவுன்னு சொன்னேன்."

நான் பின்வாசல் படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்துவதற்குள் ஒரு வரி மட்டும் காதில் விழுந்தது. அதே கேள்வி. "யாரும் இல்லம்மா," என்றாள் அக்கா. "நான் மட்டுந்தான். நீ சொல்லு." தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா மகள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பின்சந்து வழியாகச் சுற்றி முன்பக்கம் போய், ஏற்கெனவே கழுவியிருந்த மோட்டார் சைக்கிளை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. சோறு ஆறிவிட்டது, யாரும் கதவைத் தட்டவில்லை. அக்கா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நேராக வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனைவி ஒன்றும் கேட்காமல் குழம்பை மறுபடி சூடு பண்ணி ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா," என்றாள் அக்கா. "பசிக்குது."