குறிப்பில் ஏறாத பதில்

தேர்தல் முடிந்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் சட்டசபைக் குழு திண்டுக்கல்லுக்கு வந்தது. பிரசாரத்துக்கு அரசாங்க வண்டிகள் ஓடின, வாக்காளர்களை மிரட்டினார்கள் என்று புகார். பயணியர் விடுதியில் விசாரணை. சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். அறுபதுகளில் எங்கள் ஊரில் தமிழ்ச் சுருக்கெழுத்து தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

நத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் சாட்சி சொல்ல வந்திருந்தார். மல்லிகைத் தோட்டக்காரர், ஐம்பது வயதிருக்கும். முதல் நாள் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் உறுப்பினர்கள் சாப்பிட்டுத் தூங்கி எழவே நாலு மணியாகிவிட்டது. மூன்றாம் நாளும் வந்தார்.

"பூப்பறிப்ப விட்டுட்டு வாரேன் தம்பி. இன்னைக்காவது கூப்பிடுவாகளா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்?

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அவர் தடுமாறாமல் சொன்னார்.

"அரசாங்க ஜீப்புல வந்தாகய்யா. இந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடலேன்னா ஒங்க கெணத்துக்குக் கரண்டு வராதுன்னு சொன்னாக."

"ஜீப் நம்பர் என்னம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா."

உறுப்பினர் ஒருவர் சிரித்தார். "நம்பர் இல்லாம எந்த ஜீப்புன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எதுக்குய்யா கண்டுபிடிக்கணும்? ஓட்டுன ஆளத் தெரியுமே. ஒங்கள எறக்கி விட்டுட்டு, அந்தா வாசல்ல பீடி குடிச்சுக்கிட்டு நிக்காருல்ல, அவருதான்."

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். டிரைவர் பீடியைப் போட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். குறிப்புல வேண்டாம்."

நான் அதற்குள் எழுதிவிட்டிருந்தேன். பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆனால் சாயங்காலம் தட்டச்சு செய்தபோது மனசு கேட்கவில்லை. அந்த வரியையும் சேர்த்தே தட்டினேன். குழுவோடு வந்திருந்த எழுத்தர் படித்துப் பார்த்தார்.

"உமக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அந்தத் தாளை உருவி என் கையில் கொடுத்தார்.

நான் வேறு தாள் செருகினேன். 'வாகனத்தின் எண் சாட்சிக்குத் தெரியவில்லை' என்பதோடு அந்த அம்மாளின் சாட்சியம் முடிந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று பிறகு அறிக்கையும் வந்தது.

அடுத்த கோடையில் பூ மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னத எழுதுனீகளா?"

"எழுதினேம்மா."

"பெறகு ஏன் ஒண்ணும் நடக்கல? பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கரண்டுப் போஸ்ட் மரம் நட்டுட்டாக. எங்க கெணத்துல இன்னும் மாடு கட்டித்தான் எறைக்கிறோம்."

எழுதினேன் என்றது பொய்யில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.