வசந்தாமணி சொன்ன மழை

கேட்டி என்ற அமெரிக்க ஊருக்குக் குடிவந்த புதிதில் வசந்தாமணிக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டவே பயம். கணவன் ஜெயபிரகாஷ்தான் சனிக்கிழமைதோறும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினான். அவன் எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். கோவையில் சிவில் படித்திருந்த அவளுக்குக் கௌன்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், வெள்ளத் தடுப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, தெரு முழுக்க இனிப்பு கொடுத்தவனும் அவன்தான். ஓடைகளின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் சின்ன உத்தியோகம். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவே அவள் பொறுப்புக்கு வந்தது.

ஒரு மே மாதப் பெருமழையின்போது மேலதிகாரி வெளியூரில் மாட்டிக்கொள்ள, உள்ளூர் சானலின் கேமரா முன்னால் வசந்தாமணி நிற்க வேண்டியதாயிற்று. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். சொன்னபடியே நின்றது. அதன்பின் வானம் கறுத்தாலே சானல்காரர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜெயபிரகாஷுக்கு முதலில் பெருமைதான். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் ஒருவர், "நீங்க டிவி மேடம் ஹஸ்பண்டுதானே?" என்று கேட்ட நாளில் அது கசந்தது. அந்த வருஷம் கம்பெனியில் அவனைத் தாண்டி ஜூனியர் ஒருத்தனுக்கு ப்ரமோஷன் போயிருந்தது. அவள் டிவியில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். "இங்கிலீஷ் பேசறப்ப இவ நாக்கு இன்னும் பொள்ளாச்சியிலயே இருக்கு" என்று விருந்தினர் முன்னால் சிரிப்பான். அவள் காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள்.

போன செப்டம்பரில் புயல் வந்தது. ஓடைக்குத் தெற்கே இருப்பவர்கள் மதியத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவள் டிவியில் சொன்னாள். அந்தப் பக்கம் தனியாக வசித்த குடும்ப நண்பர் ராமசுப்ரமணியன் அங்கிள் உடனே ஜெயபிரகாஷுக்குப் போன் செய்தார்.

"வசந்தா சொல்றாளேப்பா, நான் கிளம்பணுமா?"

"டிவில கொஞ்சம் பில்டப் பண்ணுவாங்க அங்கிள். நீங்க ரிலாக்ஸ் பண்ணுங்க."

மூன்று மணிக்கு அங்கிள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். எழுபத்தாறு வயதில் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவரைப் படகில் வந்து மீட்டார்கள். அவரைக் கொண்டுசேர்த்த பள்ளிக்கூடத்துக்கு ஜெயபிரகாஷ் மாற்றுத்துணியோடு ஓடினான். வசந்தாமணி வேலை நிமித்தமாக அங்கே முன்பே வந்திருந்தாள்.

"ஏனுங் அங்கிள், நான் டிவில சொன்னதப் பாக்கலீங்களா?"

"பாத்தேம்மா. ஜெயபிரகாஷ்தான் அது பில்டப்னான்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிள் துணி மாற்றப் போனதும் அவனைக் காருக்குக் கூட்டிப்போனாள்.

"எம்மேல இருக்கற கோவத்த எங்கிட்ட காட்டுங்க. அவரு உசுரு போயிருந்தா?"

"கோவம் இல்ல வசந்தி. பொறாம." அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னான். "இத்தன நாளா சொல்ல வாய் வரல."

"தெரியுமுங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாள். அப்புறம் அழுதாள்.

அங்கிள் மூன்று மாதம் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். ஊறிப்போன அவர் வீட்டுத் தரைவிரிப்பையும் சுவர்ப்பலகைகளையும் ஜெயபிரகாஷ் வார இறுதிகளில் தன் கையாலேயே பெயர்த்தெடுத்தான்.

இந்த வருஷம் கௌன்டி அவளைத் துணை இயக்குநராக்கியது. செய்தி கேட்டதும் அவனுக்குள் பழைய எரிச்சல் கிளம்பியது. மறைக்கவில்லை.

"கங்கிராட்ஸ். ஆனா வயிறு எரியுது வசந்தி."

"எரியட்டுமுங்க" என்றாள் அவள். "மொதல்ல சாப்பிட வாங்க."