மூன்றாவது சிலிண்டரின் வயர்

பட்டறையின் பின்சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. ஸ்கேனரில் எந்தக் கோடு, அதாவது பழுதின் எண், வந்தாலும் தங்கை முதலில் அதைச் சுவரில் எழுதுவாள். பழுதின் காரணம் தெரிந்து, அதையும் பக்கத்தில் எழுதிய பிறகுதான் வண்டியின் நினைவிலிருந்து கோடை அழிப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்பா விட்டுப்போன பட்டறையில் பன்னிரண்டு வருஷம் தானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றது. அண்ணனுக்கு டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணைந்தால் போதும். அழித்துவிட்டுச் சாவியை நீட்டிவிடுவான். ஏன் என்று கேட்டால் கையும் நீளும்.

நேற்றும் நீண்டது. மரக்கடைக்காரரின் காரில் 0303 மறுபடி வந்திருந்தது: மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. அதற்குத் தீப்பொறி தரும் காயிலை அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாயிற்று.

“காயில இடம் மாத்திப் பாருண்ணே. கோடும் கூடவே நகர்ந்தா காயில். நகரலன்னா வேற எதுவோ.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று ஸ்பேனரை வீசினான். அவள் புருவம் பிளந்தது. அவள் தையல் போடப் போன நேரத்தில் கோடை அழித்து வண்டியை அனுப்பிவிட்டான்.

இன்று காலை அதே கார் பின்பக்கம் நசுங்கி, குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. லாரியை முந்தும்போது இழுவை விட்டுப்போயிருக்கிறது. பின்னால் வந்த வேன் இடித்திருக்கிறது. மரக்கடைக்காரரின் மனைவி தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மரக்கடைக்காரர் வந்த வேகத்தில் அண்ணனின் தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பானெட்டில் மோதினார். இரண்டாவது மோதலில் பல் ஒன்று தரையில் விழுந்தது. பிறகு அவன் வலது கையை மேஜைமேல் அழுத்தி, ஜாக்கி லீவரை ஓங்கினார்.

“என்ன கோளாறுன்னு கண்டுபிடிம்மா. இவன் கை வச்சதாலயான்னு எனக்குத் தெரியணும்.”

“அதுக்கு முன்னாடி அடிக்காதீங்க,” என்றாள் தங்கை.

மூன்றாவது காயிலை முதலாவது இடத்தில் வைத்தாள். மூன்றாவதின் ஸ்பார்க் பிளக்கை இரண்டாவதுக்கு மாற்றினாள். இன்ஜினை உறுமவிட்டாள். கார் உதறியது. ஸ்கேனரில் 0303. நகரவில்லை.

“சீக்கிரம் பாரு, செத்தேன்,” என்று அண்ணன் ரத்தத்தோடு துப்பினான்.

“அவசரப்பட்டுத்தானே இந்த லட்சணம். சும்மா கிட.”

மூன்றாவது காயிலுக்குப் போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். காயிலைப் பிடித்திருக்கும் தாங்கியின் போல்ட்டுக்கு அடியில் வயர் சிக்கி, தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. முதல் தடவை காயில் மாற்றும்போது பார்க்காமல் முறுக்கியது.

“யார் முறுக்கினது?” என்றார் மரக்கடைக்காரர்.

அண்ணன் அவளையே பார்த்தான். சொல்லாதே என்று கண் கெஞ்சியது. அவள் புருவத்தில் தையல் விண்ணென்று தெறித்தது.

“அண்ணன்தான்.”

லீவர் இறங்கியது. இரண்டு விரல்கள் சுள்ளிபோல் முறிந்தன. அண்ணன் அலறி முடிப்பதற்குள் லீவர் மறுபடி மேலே போனது.

தங்கை கட்டிங் பிளேயரை வயர்க்கட்டின் கழுத்தில் வைத்தாள். “இன்னொரு அடி விழுந்தா மொத்தத்தையும் வெட்டிருவேன். அப்புறம் யாராலயும் இதைக் கிளப்ப முடியாது. விட்டீங்கன்னா அரை மணி நேரத்துல ஓட்டிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில உங்க வீட்டம்மா காத்திருப்பாங்க.”

மூச்சு வாங்கியபடி அவர் அவளையும் பிளேயரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு லீவரைத் தரையில் எறிந்தார்.

அவள் வயரை மாற்றி, மேடு ஏற்றி ஓட்டிப் பார்த்து, சுவரில் எழுதிவிட்டு, கோடை அழித்தாள்.

பத்து நாள் கழித்துக் கையில் மாவுக்கட்டோடு அண்ணன் பட்டறைக்கு வந்தான். சுவரைப் படித்தான். ‘0303. காயில் வயர் நசுங்கியது. முறுக்கியது அண்ணன்.’ இடது கையால் துடைக்கிற துணியை எடுத்தான்.

தங்கை கட்டிங் பிளேயரை எடுத்தாள்.

அவன் துணியைக் கீழே வைத்தான்.