மஞ்சள் கையுறை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். சான்டா கிளாராவில் அக்கா வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, முழங்கை வரை வரும் மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு ஜோடி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு காலை எனக்கு நினைவு வரும்.

என்னை இந்த நாட்டுக்கு அழைத்து வந்தவள் அக்கா. அத்தான் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். திருநெல்வேலியில் ஹோட்டல் அடுப்பில் நின்ற நான் இங்கும் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல்காரன். அந்தக் கோடையில் அத்தானுடைய நண்பர்கள் இருவர் குடும்பமும் நாங்களும் சேர்ந்து, கிராண்ட் கேன்யன் பார்க்க ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தோம். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கழிவெல்லாம் வண்டிக்கு அடியில் இரண்டு டேங்குகளில் சேரும். ஒன்று கக்கூஸுக்கு, மற்றது பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு. நாலு நாள் தாங்கும் என்றான் வண்டியை வாடகைக்கு விட்டவன். காகிதத்தால் துடைப்பவர்களை வைத்து அவன் சொன்னது அது. நாங்கள் பத்துப் பேர், ஒவ்வொரு தடவையும் இரண்டு மக் தண்ணீர். நான் வேறு அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். இரண்டாம் நாள் காலையிலேயே இரண்டு டேங்குக்கும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

வழியில் ஒரு முகாமில், கழிவை இறக்குவதற்குத் தரையில் மூடி போட்ட துவாரம் இருந்தது. வண்டி நின்றதும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம ஊர்னா இதுக்குன்னு ஆள் இருக்கும். இங்க மேனுவல்தான் இருக்கு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அத்தான் பத்தடி தள்ளி நின்று, வண்டியோடு கொடுத்த அந்த மேனுவல் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏல, கொஞ்சம் வால. ஹோஸை மட்டும் பிடி, போதும்."

"இது சமைக்கிற கை, அக்கா" என்று இரண்டு கைகளையும் காட்டினேன்.

அக்கா தானே மண்டியிட்டு டேங்கின் மூடியைத் திறந்தாள். ஒழுகியது அவள் கால்மேல் தெறித்தது, அதோடு குழாயைப் பொருத்தினாள். முதலில் கக்கூஸ் டேங்கைத் திறந்தாள், பிறகு பாத்திரத் தண்ணீரை. அந்தத் தண்ணீரோடு என் சோற்றுப் பருக்கைகளும் போய்க் குழாயை அலசின.

அதன்பின் மர நிழலில் சாப்பாடு. நான் கிளறிய புளியோதரையை, வழக்கம்போல அக்கா கரண்டியோடு பரிமாற வந்தாள். "நீங்க டயர்டா இருப்பீங்க, விடுங்க, நாங்களே போட்டுக்கறோம்" என்றார் நண்பர் வீட்டம்மா. அக்கா சிரித்துக்கொண்டே, "சோப்பு போட்டு மூணு தரம் கழுவிட்டேங்க" என்றாள். ஒரு தட்டும் நீளவில்லை. அத்தான் மேனுவலை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். கூடப்பிறந்தவன் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள். அது எனக்குத் தெரியும். தட்டு கையில்தான் இருந்தது.

"பசியில்லக்கா" என்றேன்.

கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, அக்கா வண்டியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குச் சட்டை எடுத்தாள், கிரீன் கார்டு பாரம் நிரப்பினாள், பல் வலி என்றால் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஆனால் அதன்பின் எனக்கு அவள் கையால் பரிமாறியதில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்து, "எடுத்துக்க" என்பாள்.

நேற்று அக்கா, அத்தான், நான் மூவரும் மறுபடி ஒரு ஆர்.வி.யில் கடற்கரைக்குப் போயிருந்தோம். கூப்பிடும்வரை காத்திருக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டேன். முதலில் கக்கூஸ் டேங்க், பிறகு பாத்திரத் தண்ணீர். அவளைத் தள்ளி நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். முடித்துக் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தேன், சோற்றுக் கரண்டியைத் தொட மனம் வரவில்லை.

"என்னல நிக்க?"

"நீயே எடுத்துக்கக்கா."

"கை கழுவினியா?"

"கழுவிட்டேன்."

"பொறவு என்ன? போடு." தட்டை நீட்டினாள்.

ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. கரண்டியை எடுத்துச் சோறு போட்டேன். அன்று நான் செய்ய வேண்டியிருந்ததும் இவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கையுறையை அலசிக் காயவைத்தேன். இன்று காலை அதை எடுத்துத் தொட்டிக்குக் கீழே, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

17 ஜூன் 2001, ஞாயிற்றுக்கிழமை.