தங்கையின் கழுத்துக் கறுப்பு

தங்கைக்குப் பதின்மூன்று வயதானபோது அவளுடைய பிடரியில் ஒரு கறுப்புப் படை தோன்றியது. மடிப்பு மடிப்பாக, வெல்வெட்டுத் துணி ஒட்டியதுபோல. வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அப்பா இல்லை. அம்மா விடியமுன்னரே சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் தரம்பிரிக்கப் போய்விடுவார். எங்களுக்குக் காலையில் பேக்கரிப் பாணும் தேங்காய்ச் சம்பலும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மிஞ்சிய பாணும் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியும். தங்கை உருண்டு திரண்டு இருந்ததால், வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றே ஊர் நினைத்தது.

ஒருநாள், உயர்தர வகுப்பில் இருந்த என்னை அவளுடைய வகுப்பு ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். தங்கை கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு முதுகு காட்டியபடி நின்றாள். பின்னல் இரண்டையும் முன்னால் இழுத்துவிட்டிருந்தார்கள்.

“உவள் குளிக்கிறேல்லையோ? கழுத்தைப் பார்!”

வகுப்பு சிரித்தது. எனக்கு ரீச்சர்மேல் கோபம் வரவில்லை. தங்கையைத்தான் வெறுத்தேன்.

பின்னேரம் அவளைக் கிணற்றடியில் இருத்தி, தேசிக்காய்ப் புளிச்சாறு பூசி, சட்டி மினுக்கும் தும்பால் தேய்த்தேன்.

“அக்கா, நோகுது.”

“நோகட்டும். ஊத்தை போகவேணும்.”

தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. கறுப்பு அப்படியே இருந்தது. அடுத்த நாளும் தேய்த்தேன். மூன்றாம் நாள் சட்டை புண்ணில் ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துக் கழற்றும்போதுகூட அவள் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத் தந்தது.

புண் சீழ் பிடித்த பிறகே அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். டொக்டர் புண்ணைச் சுற்றியிருந்த கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். இரத்தம் சோதித்து வந்த பிறகு சொன்னார்:

“இது ஊத்தை இல்லை. உடம்பிலை இன்சுலின் சுரக்குது, ஆனா சரியா வேலை செய்யுதில்லை. அதாலைதான் தோல் கறுக்குது. இப்பவே கவனிக்காட்டிச் சீனி வருத்தம் வரும். ஆர் இப்பிடித் தேய்ச்சது?”

“நான்தான்,” என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல்.

பாணையும் சீனியையும் குறைத்து மரக்கறி, மீன், முட்டை கொடுக்கச் சொன்னார். “ஓம்” என்று அம்மா தலையாட்டினார். சந்தையில் விலைப்படாத கத்தரிக்காய் சில நாட்கள் வீட்டுக்கு வந்தது. மற்ற நாட்களில் பாண்தான்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுடைய பங்குப் பாணைப் பாதியாக வெட்டினேன். பதிலுக்கு எதையும் வைக்கவில்லை. வெட்டிய மற்றப் பாதியை நானே தின்றேன். சீனிப் போத்தலையும் ஒளித்தேன். பசி தாங்காமல் அவள் அதைத் தேடியெடுத்து வாயில் கொட்டுவதைக் கண்டபோது கன்னத்தில் அறைந்தேன். சீனி நிலத்தில் சிந்தியது. அவள் குந்தியிருந்து, மண்ணோடு கூட்டி அள்ளித் தின்றாள்.

பதினேழு வயதில் அவளுக்குச் சீனி வருத்தம் உறுதியானது. இப்போது மாதாமாதம் கிளினிக்குக்குத் தனியே பஸ் ஏறுகிறாள். போன மாதம், “நானும் வாறன்” என்று செருப்பை மாட்டினேன்.

“வேண்டாம். எனக்கு வழி தெரியும்.”

படலையைச் சாத்திவிட்டு நடந்தாள்.