பூசைக்கு வைத்த மடிக்கணினி

நான் கல்யாணமானவள் என்பதை நிரூபிக்க ஒரு கோப்பகம் வைத்திருக்கிறேன். அதில் தாலி கட்டும் படம் இருக்கிறது, பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, விமான நிலையத்தில் நான் அழுது மூக்குச் சிவந்து நிற்கும் படமும் இருக்கிறது. அந்தக் கடைசிப் படத்தைப் போடவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். இருப்பதிலேயே நல்ல சான்று அதுதான் என்று கனடாவில் இருக்கும் என் கணவர் ஒற்றைக் காலில் நின்றார்.

கல்யாணத்துக்காக வந்து, நாற்பத்தொரு நாள் என்னோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர் அவர். போய் நாலு வருஷமாகிறது. என்னை அங்கே கூப்பிடப் போட்ட முதல் விண்ணப்பம், நாங்கள் உண்மையான கணவன் மனைவி என்பதற்குச் சான்று போதாது என்று திரும்பி வந்தது. அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பத்தொரு நாளில் எவ்வளவு சான்றைத்தான் சேர்ப்பது? ஒழுங்காக ஒரு சண்டை பிடிக்கக்கூட எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை அங்கே ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். அந்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நான் சொல்ல வந்தது அதை அனுப்பிய கதையை.

வழக்கறிஞர் தந்த நீண்ட பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே கோப்பகத்தில் போட வேண்டும். நான் இங்கே ஒரு படத்தைப் போட்டால் கணவருக்கு அங்கே தெரியும். அவர் அங்கே ஓர் எழுத்தை மாற்றினால் எனக்கு இங்கே மாறும். எங்கள் வீடு உரும்பிராயில். வீட்டில் கணினி கிடையாது. மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட, ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. காணிப் படங்களை ஸ்கான் பண்ணிச் சேமிப்பதும், நாங்கள் சேர் என்று கூப்பிடும் அவர் சொல்லச் சொல்லக் கடிதம் அடிப்பதும் என் பொறுப்பு. அந்த அலுவலக மடிக்கணினியிலேயே என் கோப்பகத்தையும் வைத்துக்கொள்ள சேர் சம்மதித்திருந்தார்.

எல்லாம் சேர்ந்து, கடைசியில் ஒரேயொரு பத்திரம் மிஞ்சியது. நாங்கள் பிரிந்திருந்தும் உறவை எப்படிப் பேணுகிறோம் என்று எங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டிய கூற்று. தமிழில் எழுதினால் போதும், மொழிபெயர்ப்பது தன் பாடு என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். தலைப்பும் முதல் நாலு வரியும் அவரே அடித்து, கீழே இடம் விட்டு அனுப்பியிருந்தார். கடைசித் தேதிக்கு முதல் நாள் காலை அந்த இடத்தில் நான் இப்படி எழுதினேன்: "நாங்கள் தினமும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் கதைப்போம். அன்றன்று நடந்தவை எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம்."

அதில் பாதி பொய். தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு, அவருக்கு விடிய ஏழரைக்கு, அவர் வேலைக்கு வெளிக்கிட்ட பிறகு, அழைப்பு வருவது உண்மை. 'சாப்பிட்டீரோ' என்பார், 'ஓம்' என்பேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச்சு இராது. முதல் இரண்டு வருஷம் அப்படி இல்லை. வர வர அப்படி ஆகிவிட்டது. நான் தொலைபேசியை உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுத் தேங்காய் துருவுவேன். அவரும் வைக்கமாட்டார். மனுசனுக்கு அலுத்துப்போய்விட்டது, அதைச் சொல்ல வாய் வரவில்லை, கடமைக்கு எடுத்து வைத்திருக்கிறார் என்றே நான் நினைத்தேன். அந்த நினைப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் அந்த இரண்டு வரியை எழுதிய நாள் எங்கள் அலுவலகத்தில் வாணி விழா. நவராத்திரியின் ஒன்பதாம் நாள். அளவுக்கருவி, நாடா, முத்திரை, பேனைகள் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. பிரிண்டரைத் தூக்க ஏலாது என்பதால் அது இருந்த இடத்திலேயே சந்தனம் வாங்கிக்கொள்ளும். மத்தியானம், என்னோடு வேலை செய்யும் அக்கா வந்து மடிக்கணினியில் கை வைத்தார்.

"பொறுங்கோ அக்கா. என்ரை கோப்பு இன்னும் ஏறி முடியேல்லை."

"நான் என்ன நிப்பாட்டவே போறன்? வயரோடை கொண்டுபோய் வைக்கிறன். அங்கை இருந்தும் ஏறும்தானே."

நியாயமாகத்தான் பட்டது. திரையில் நீல அம்புக்குறி சுற்றிக்கொண்டிருக்க, மூடியில் குங்குமப் பொட்டோடு அது சாமிக்கு முன்னால் போனது. நாங்கள் கடலையும் அவலும் சாப்பிட்டுவிட்டு நேரத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பூசை முடிந்து திறந்தால், ஒன்றும் முன்னைய மாதிரி இல்லை. முன்பே இறங்கிக் காத்திருந்த கணினிப் புதுப்பிப்பு, ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் வேலையை முடித்திருந்தது. நிறம் மாறி, பொத்தான்கள் இடம் மாறி, கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். கோப்பகத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, வந்து நின்றது. உள்ளே எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. தாலி கட்டும் படம் இரண்டு, சான்றிதழ் இரண்டு. விமான நிலையத்தில் இரண்டு முறை மூக்குச் சிவந்து நின்றேன்.

விண்ணப்பத்தைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வழக்கறிஞர் தன் அலுவலகத்தைத் திறப்பது எங்களுக்கு மாலை ஆறரை. அதற்குள் கோப்பகம் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இன்னும் எத்தனை வருஷம் என்று யாருக்குத் தெரியும். அப்போது என் வயது என்ன என்றும் யோசித்தேன்.

அங்கே இரவாகி, படுக்கப் போன கணவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"நேற்று முழுக்க உம்முடைய பக்கத்தாலை ஒண்டும் வரேல்லை," என்றார். "கூற்று வெறுமையாய்க் கிடந்தது. கடைசி நாளெண்டு நானே அதிலை எழுதிப்போட்டன். இப்ப ரெண்டு ரெண்டாய் நிக்குதெண்டால் ஒண்டை அழிச்சுப்போட்டு விடும்."

"எதை அழிக்கிறது? எது உங்கடை, எது என்ரை எண்டு எனக்கே தெரியேல்லை. நீங்கள் படுங்கோ. நான் ஒண்டையும் அழிக்கேல்லை."

முதல் வேலையாக முழுவதையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் மற்றது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் ஒத்திசைவை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். அம்பு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் புள்ளடியாகியது. அப்போதுதான், இணையம் வரும் ரவுட்டர் பெட்டியில் ஒரு விளக்குமே எரியவில்லை என்று கண்டேன். அதன் நெற்றியிலும் சந்தனம். சுவரில் அதன் சுவிட்சை யாரோ அணைத்திருந்தார்கள்.

"அக்கா, உதை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான். பூசைக்கு வைச்ச சாமானை வேலை வாங்கலாமே பிள்ளை?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். விஜயதசமியும் அதுவுமாக ஒருவரை ஏசக்கூடாது. பூசையில் வைத்த கணினி, வெளியே போக வழியில்லாமல் முழு நாளும் என் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அங்கே அதே இடத்தில் வேறு எழுதியிருக்கிறார். இரண்டும் சந்திக்கும்போது எது சரி என்று அதற்குத் தெரியப்போவதில்லை. மற்றவற்றை இரண்டாக்கியது புதுப்பிப்பின் வேலை.

ரவுட்டரைப் போட்டும் புள்ளடி போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மறந்து துழாவினேன். புதுப் பதிப்பு, என் கணக்கை விட்டுவிட்டு அலுவலகக் கணக்கைத் தானாகப் பிடித்துக்கொண்டு, என் கோப்புகளை அங்கே ஏற்றப் பார்த்து, அனுமதியில்லை என்று திரும்பி வந்துகொண்டிருந்தது. வெளியேறி, சேமித்திருந்த பழைய கடவுச்சொல்லை நீக்கி, என் கணக்கில் மட்டும் உள்ளே வந்தேன். புள்ளடிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. படங்களின் இரட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் அச்சொட்டாக ஒன்றேதான், அவற்றால் சேதமில்லை. கடைசியில் ஒரு கோப்பு மட்டும் மசியவில்லை. இதற்கு இரண்டு பிரதிகள் உள்ளன, எதை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டது. அது கூற்று.

மூன்று மணிக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். இடப்பக்கம் என்னுடைய இரண்டு வரி. வலப்பக்கம் அவருடையது:

"நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. கதைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் தொலைபேசியை வைப்பதில்லை. என் மனைவி தேங்காய் துருவும் சத்தம் எனக்குக் கேட்கும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் கேட்கும். மதிலில் வந்து இருக்கும் காகத்தை அவள் ஏசுவதும் கேட்கும். அவள் தனக்குள் ஏதாவது முணுமுணுத்தால் நான் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். வேலைத்தலத்து வாசல்வரை அதைக் காதில் வைத்துக்கொண்டு போவேன். இது சான்றாகுமா என்று எனக்குத் தெரியாது."

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அழுதேன். அக்கா கண்டும் காணாதவர்போல, துடைத்த பிரிண்டரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த மனுசனைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. நாலு வருஷமாகப் பார்க்க வேண்டும்போலத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நெஞ்சு நோகப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

நாலரைக்கு அவர் எழும்பியவுடன் அழைப்பு எடுத்தேன். இரண்டு பிரதியையும் வாசித்துக் காட்டினேன்.

"உம்முடையதை வையும்," என்றார். "அதுதான் அவங்களுக்கு விளங்கும். புருஷன் பெண்சாதி கதைக்கிறேல்லை எண்டு எழுதினால் ஆரும் நம்புவாங்களே?"

"உங்கடையைத்தான் வைக்கப்போறன்."

"உது ஆபத்தான விளையாட்டு."

"ஓம். ஆனால் என்ரை பொய். ஏன் இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் காகத்தை ஏசுறதை விட்டிடுவீர் எண்டு பயம்," என்றார். பிறகு, "அப்ப அதுக்குக் கீழை நீரும் எழுதும். உமக்கு என்ரை பக்கத்தாலை என்ன கேக்கிறதெண்டு," என்றார்.

விரல்களை எழுத்துப் பலகையில் வைத்தேன். நாலு வருஷத்தில் அவர் பக்கத்துச் சத்தம் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் கோபித்துக்கொண்டு தேங்காய் துருவியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்கள் கதையாதேங்கோ," என்றேன். "ஃபோனை மேசையிலை வையுங்கோ. என்னை மறந்துபோட்டு வழமைபோலை வெளிக்கிடுங்கோ. நான் கேக்கிறன்."

சேர் போய்விட்டார், அக்காவும் போய்விட்டார். சந்தியில் பஸ் இரைச்சல் வராமல் யன்னலைச் சாத்திவிட்டு, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். தண்ணீர் கொதித்தது. ஒரு கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது, இரண்டாவது கோப்பை இல்லை. கரண்டி சுற்றியது. கதிரை இழுபட்டது. குடித்த கோப்பையை அவரே கழுவினார். தடித்த மேற்சட்டையின் சிப் மேலே ஏறியது. சப்பாத்துப் போடக் குனியும்போது அவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. நான் கண்ட நாளில் அப்படி இல்லை. கதவு திறந்தது.

அப்போது அவர் சொன்னார், மெல்ல, அறைக்குள் திரும்பி: "போட்டு வாறன்."

போய்விட்டு வருகிறேன் என்று, எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடும் எவரும் உள்ளே இருக்கும் ஆளுக்குச் சொல்வது அது. உள்ளே இருப்பவர் 'ஓம், போட்டு வாங்கோ' என்று சொன்ன பிறகுதான் வாசல் படலையைத் திறப்பார்கள். அவர் இருப்பது ஒரு வீட்டின் கீழே நிலவறையில், வாடகைக்கு, தனியே.

அவர் திரும்பி வந்து மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்ததும் கேட்டேன்.

"இப்ப ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"என்ன சொன்னனான்?"

"போட்டு வாறன் எண்டு."

"அதுவோ?" என்றார். "ஒருத்தருக்கும் இல்லை. வந்த நாளிலையிருந்து பழக்கமாய்ப் போச்சு."

அவர் பஸ்ஸுக்கு நடக்க நடக்க நான் அடித்தேன். அவருடைய பந்திக்குக் கீழே ஒரேயொரு வரி. என்னுடைய பழைய பிரதியை நீக்கி, அதை மேலே ஏற்றினேன். ஆறு மணிக்கு முன்னரே கடைசிப் புள்ளடியும் போய்விட்டது. வரி இதுதான்: "என் கணவர் தினமும் ஆளில்லாத அறைக்குப் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்."